தை மாசத்து லீவு

என் கணவருக்குத் தை மாதம் லீவு கிடைத்துவிட்டது என்று செய்தி வந்த அன்று நான் செய்த முதல் காரியம், அடுப்பில் இருந்த பாலைப் பொங்கவிட்டது. இரண்டாவது காரியம், அதற்காக மாமியாரிடம் திட்டு வாங்கியது. இரண்டுமே எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தன.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முழுதாக முடியாமல் அவர் ஓமனுக்குப் போனார். சேலத்துக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் கொட்டச்சேட்டில் இரண்டு குடும்பமும் காப்பி எஸ்டேட்டில் வேலை செய்கிற குடும்பம். அவர் மட்டும் வெல்டிங் கற்றுக்கொண்டு, பாலைவனத்துக்கு நடுவில் குழாய் போடுகிற ஒரு முகாமுக்குப் போய்விட்டார். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. டவுனுக்கு வண்டி விடுவார்கள். அன்றைக்குத்தான் போன் ஒழுங்காகக் கிடைக்கும். மற்ற நாளெல்லாம் எனக்கு வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள், அதற்கும் முந்தைய நாள், அவ்வளவுதான். எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. அதை விசாரிக்கிறவர்களிடம், போனில் பேசியே பிள்ளை பெறும் வித்தை உங்களுக்குத் தெரிந்தால் சொல்லிக் கொடுங்கள் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அதற்கப்புறம், எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் யாரும் விசாரிப்பதில்லை.

நான் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். என் கம்பெனி என்பது சேலத்தில் ஒரு மாடி, அதில் நாலைந்து நாற்காலி. அவர்களுக்கு மலைமேல் இருக்கிற ஆள் நான். வேடிக்கை என்னவென்றால், என் கணவரை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்சியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைதான். அதை எழுதியவர் எப்போதோ பெங்களூர் போய்விட்டார். அவர் இறக்கி வைத்த மூட்டை என் தலையில் ஏறியது.

முகாமில் நெட் சரியாக இல்லாததால் ஆட்களின் லீவை ஊரில் இருக்கும் குடும்பம்தான் கேட்க வேண்டும். அதற்காக ஏஜென்சி எங்கள் பக்கத்துக்கு, கொட்டச்சேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு ஒரு லாகின் கொடுத்திருந்தது. குடும்பத்து ஆள் போய் உட்கார்ந்தால், அக்கா வேலைக்காரரின் நம்பரைத் தட்டிப் பக்கத்தைத் திறந்து, எந்த மாதம் வேண்டும் என்று கேட்டுப் பதிவார். ஒரு குழுவிலிருந்து ஒரு சமயத்தில் ஒருவர்தான் ஊருக்கு வரலாம். முந்திக் கேட்டவருக்கு அந்த மாதம். தவறவிட்டவர் எது மிச்சமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் கம்பெனியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. இணையதளத்தில் வேலை செய்பவர்கள் தம் வீட்டு ஆளுக்குத் தாமே எதையும் பதியக் கூடாது. வேலியே பயிரை மேயக் கூடாது, நியாயம்தான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அத்தை, அதாவது மாமியார், கடைக்குப் போய்ச் சித்திரை மாதம் கேட்டுவிட்டு வந்தார். மகன் போனது ஒரு சித்திரையில், அதனால் வருவதும் சித்திரையில்தான் என்பது அத்தையின் கணக்கு.

வந்ததோ தை. அத்தை கொஞ்ச நேரம் முகவாயைத் தடவிக்கொண்டு நின்றார்.

“நான் சித்திரைன்னுதானே கண்ணு சொன்னேன்? செரி, சாமி முன்னாலயே அனுப்பி வெக்குது. ஏன் எதுக்குன்னு கேட்டுட்டு இருக்காத.”

நானும் கேட்கவில்லை. வீடு தேடி வந்த சீதேவியிடம் யாராவது விலாசம் விசாரிப்பார்களா?

அது கார்த்திகை. காப்பிப் பழம் எடுக்கிற வேலை தொடங்கியிருந்தது. சில நாள் மத்தியானத்திலேயே மேகம் இறங்கி எதிர் லைன் தெரியாது. நான் பாட்டுக்கு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தேன். எங்கள் கட்டிலில் சுவரோரம் அவர் இடம். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அவர் போனபின் நான் மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு நகர்ந்துவிட்டிருந்தேன். இப்போது மறுபடி வெளிப்பக்கம் படுத்துப் பழக ஆரம்பித்தேன். தூக்கம் வரவில்லை, ஆனாலும் அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பதே ஒரு சுகமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கீழ் லைனில் இருக்கும் பெண் வந்தாள். என்னைவிடச் சின்னவள். அவள் கணவனும் அதே முகாமில், அதே குழுவில் இருந்தான். அவன் போனபின் பிறந்த பெண்குழந்தை நடக்கவே தொடங்கிவிட்டது. அவன் இன்னும் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை. தையில் குலதெய்வம் கோயிலில் மொட்டையடித்துக் காதுகுத்துவதாக இருந்தார்கள்.

“ஏனுங்கக்கா, எங்கூட்டுக்காரருக்கு லீவே கேக்கலைன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நான் அன்னிக்கு உங்க அத்தை கூடத்தானுங்க போனேன். தை மாசம் வேணும்னு சொன்னேன். கடைக்காரக்கா பதிஞ்சாச்சுன்னுட்டாங்க. இப்ப பேரே இல்லீங்களாமா.”

“அவங்க எதையாவது மாத்தி அமுக்கியிருப்பாங்க” என்றேன். தளத்தில் கோளாறு என்று யார் சொன்னாலும் முதலில் சொன்னவர் மேல் பழியைப் போடுவது எங்கள் தொழிலின் வழக்கம். அவள் இடுப்பில் குழந்தையை மாற்றி வைத்துக்கொண்டு, “நொம்ப நாளா காத்துட்டு இருக்கறேனுங்க” என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. நான் மட்டும் காத்திருக்கவில்லையா என்று நினைத்தேன்.

மறுநாள் கம்பெனி சார் போன் செய்தார். “நாலஞ்சு குடும்பம் இதே மாதிரி சொல்றாங்கம்மா. சிலருக்குப் பதிவே காணோம், சிலருக்கு மாசம் மாறியிருக்கு. செஷன்ல ஏதோ கோளாறு போல. உட்கார்ந்து பாருங்க.”

செஷன் என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தை நினைத்துக்கொள்ளலாம். செருப்பை வாங்கி ஒரு மாடத்தில் வைத்துவிட்டு டோக்கன் கொடுப்பார்கள். வெப் சர்வரும் அப்படித்தான். அது ஒவ்வொரு முறையும் நம்மைப் புதிய ஆளாகத்தான் பார்க்கும். அதனால் முதலில் ஒரு டோக்கன் தருகிறது. அந்த டோக்கனுக்குரிய மாடத்தில், யார் உள்ளே வந்தார், இப்போது எந்த வேலைக்காரரின் பக்கத்தில் இருக்கிறார் என்பதை எழுதி வைக்கிறது. நாம் அடுத்த பட்டனை அழுத்தும்போது டோக்கனைக் காட்டினால், மாடத்தில் இருப்பதை எடுத்துப் பார்த்துக்கொள்ளும். மாடத்தில் இருக்கும் அந்தக் குறிப்புகள்தான் செஷன் மாறிகள்.

இதில் கோளாறு வர நூறு வழி இருக்கிறது. செஷனைத் தொடங்கும் வரி ஏதாவது பக்கத்தில் விட்டுப்போயிருக்கிறதா என்று தேடினேன், இல்லை. அதற்கு முன்னால் ஒரு வெற்றிடமோ எழுத்தோ வெளியே போய்க் காரியத்தைக் கெடுக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. சும்மா இருந்தால் செஷன் காலாவதியாகும் நேரத்தைக் கூட்டினேன். சர்வரில் அவற்றை வைக்கும் இடம் நிறைந்துவிட்டதா, முகவரியின் முன்னால் மூன்று டபிள்யூ போட்டு வருகிறவருக்கும் போடாமல் வருகிறவருக்கும் தனித்தனி டோக்கன் போகிறதா என்றெல்லாம் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்து பொய்யாக ஒரு வேலைக்காரரை உண்டாக்கி, திறந்து, பதிந்து பார்த்தால் பூப்போல வேலை செய்தது. கோளாறு இருக்கிற இடத்தில் கோளாறு வராமல் இருப்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. கடைசியில், யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பதிந்தாலும் மாடத்தில் என்ன இருந்தது என்பதை அப்படியே குறித்துவைக்கும்படி நாலு வரி எழுதிச் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கே போனேன்.

ஞாயிறு எஸ்டேட் லீவு. கடை பெஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சரிவில் மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது. கடைக்காரக்கா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாரே தவிர, கை நிற்கவில்லை.

“உக்காரு கண்ணு. மேகம் எறங்கறதுக்குள்ள எல்லாத்தையும் தொறந்து வெச்சுக்கோணும். அப்பறம் ஒண்ணும் நகராது.”

மேகம் இறங்கினால் நெட் போய்விடும் என்பதில் எங்கள் மலையில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கரண்டு போய் டவர் படுத்துக்கொள்கிறது என்பது என் கட்சி. எதுவானாலும் பக்கம் திறக்கத்தான் பிராணன் போகும்; திறந்த பக்கத்தில் பதிவதற்கு ஒரு நொடி நெட் வந்து போனால் போதும். அதனால் அக்கா, களத்தில் காய்கிற காப்பியை மழைக்கு முன்னால் வாரிச் சேர்ப்பதைப் போல, பெஞ்சில் இருந்த அத்தனை பேரின் நம்பரையும் வாங்கி, ஒவ்வொன்றையும் பிரவுசரில் ஒரு தனி டேபில் வரிசையாகத் திறந்து வைத்துக்கொண்டார். எல்லாம் திறந்து முடித்தபின், முதலில் வந்தவரைக் கூப்பிட்டார்.

“வாங்க. எந்த மாசமுங்க வேணும்?”

“ஒரு நிமிஷம் இருங்கக்கா, அமுக்காதீங்க” என்று கத்தினேன்.

டேப் எத்தனை திறந்தாலும் பிரவுசர் ஒன்றுதான், டோக்கனும் ஒன்றுதான். முதல் டேபைத் திறக்கும்போது மாடத்தில் முதல் ஆளின் நம்பர் விழுகிறது. அடுத்ததைத் திறந்தால் அது அழிந்து அடுத்த ஆளின் நம்பர். கடைசியாகத் திறந்தவர் யாரோ, அவர் நம்பர்தான் மாடத்தில் நிற்கும். அப்புறம் முதல் டேபுக்குத் திரும்பி வந்து மாதத்தைப் பதிந்தால், திரையில் முதல் ஆளின் பெயர் இருக்கும். சர்வர் பதிவதோ கடைசி ஆளின் பெயரில். பக்கத்தோடு நம்பரையும் சேர்த்து அனுப்பச் சொல்லி எழுதியிருக்க வேண்டும். பெங்களூர் போன புண்ணியவான் மாடத்தை மட்டும் நம்பி எழுதியிருந்தார். ஒவ்வொருவராகத் திறந்து பதிந்து மூடுகிற ஊரில் இது வெளியே தெரிந்திருக்காது. என் வீட்டிலும் தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு ஒயர் வழியாக நெட் வந்து நான் சொகுசாக இருந்தேன்.

இரண்டு பொய் ஆட்களின் நம்பரைக் கொடுத்து அக்கா கையாலேயே செய்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் அக்காவின் தோளைத் தட்டினேன். அப்போது அவர் சொன்னார்:

“ஓ, அதுதானா! அன்னிக்கு உங்க அத்தைக்குக்கூட ‘ஏற்கெனவே பதிவு உள்ளது’ன்னு வந்துச்சு கண்ணு. நெட்டு ரெண்டு தடவ அனுப்பிப் போட்டாப்ல இருக்குதுன்னு உட்டுட்டேன்.”

“அன்னிக்கு அத்தைக்கு முன்னாடி யாருங்கக்கா?”

“உங்க கீழ் லைன் புள்ளதான். ரெண்டு பேரும் ஒண்ணாத்தான வந்தாங்க. அந்நேரத்துக்கு வேற யாரும் இல்ல.”

அந்தப் பெண்ணின் டேப் முதலில், அத்தையின் டேப் கடைசியில். அந்தப் பெண் கேட்ட தை, மாடத்தில் இருந்த என் கணவரின் பெயரில் ஏறிவிட்டது. அத்தை கேட்ட சித்திரை, ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று திருப்பி அனுப்பப்பட்டது. சாமி முன்னாலேயே அனுப்பி வைத்த லீவு அவள் வீட்டு லீவு.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பெங்களூர்க்காரரைத் திட்டினேன். மேகத்தைத் திட்டினேன். அந்தப் பெண்ணை, ஏன் அந்த ஞாயிற்றுக்கிழமையே போய்த் தொலைந்தாள் என்று திட்டினேன். வீட்டுக்கு வந்து குழுவின் வரிசையை எடுத்துப் பார்த்தேன். சித்திரையை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். தையை விட்டால் புரட்டாசி வரை எதுவும் மிச்சம் இல்லை. தையைத் திருப்பிக் கொடுத்தால் எங்களுக்கு மிஞ்சுவது ஐப்பசி. அதாவது அடுத்த மழைக்காலம்.

சார் கேட்டது கோளாறைச் சரிசெய்யத்தான். அது அரை நாள் வேலை. பழைய பதிவுகளில் எது யாருடையது என்பதை அன்றைக்குக் கடையில் இருந்தவர்களைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. அவர்களோ இந்தக் கோளாறையும் எங்கள் தையையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. தெரிந்தவள் நான் ஒருத்தி. வாயை மூடிக்கொண்டு இருந்தால் தையில் அவர் வந்துவிடுவார். எனக்கு அவர் வேண்டும். அதை எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் விஷயம் அதுதான். அவர் கை என் மேல் பட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று யோசித்தால் உடம்பே வலிக்கும்.

அப்படியும் சாருக்கு எழுதினேன். என் மனசு தங்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கீழ் லைனில் அந்தக் குழந்தை அழுதால் எங்கள் வீட்டில் கேட்கும். தையில் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்த அழுகையைக் கேட்பதை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியாது என்று தெரிந்தது, அவ்வளவுதான். சார் ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டுக் கேட்டு எல்லாவற்றையும் திருத்தினார். எங்கள் பதிவையும் திருத்தினார்.

அத்தையிடம் சொன்னபோது அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உம் படிப்பத் தூக்கி அடுப்புல போடு” என்றார். சாயங்காலம் எனக்குக் களி கிண்டிப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் கூப்பிட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் செஷன், டேப், டோக்கன் என்று ஏதேதோ சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று, “மாமா, கேக்குதுங்களா?” என்றேன்.

“கேக்குது. எனக்குத் தெரியுங் கண்ணு.”

“என்ன தெரியும்?”

“அந்தக் கீழ் லைன்காரன் எம் பக்கத்துக் கட்டில்லதான் படுத்திருக்கான். அவங்கூட்ல தை மாசம் கேட்டிருக்காங்கன்னு முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருந்தான். எனக்குத் தை வந்ததும் அவன் ஒரு வார்த்தை பேசல. நானும் வாயத் தொறக்கல.”

“ஏன் மாமா?”

“தொறந்தா வர முடியாதே.”

அவர் ஒரு வாய் வெல்லத்தைக்கூடத் திருடித் தின்னாத ஆள். நான் சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டே சேர்ந்து இருந்திருப்போம் என்று தோன்றியது. அதைவிட, அவரும் என்னை இந்த அளவுக்கு வேண்டியிருக்கிறார் என்பது தெரிந்து, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. சந்தோஷத்திலேயே அழுதேன்.

“பொட்டி கட்டிட்டேன்” என்றார்.

“அவுத்துருங்க மாமா. ஐப்பசிக்கு இன்னும் நொம்ப நாள் கெடக்குது.”

“அவுக்க மாட்டேன். கட்டுனது கட்டுனபடி இருக்கட்டும்.”

தையில் கீழ் லைன்காரன் வந்தான். காதுகுத்து முடிந்து, தோடு போட்ட மொட்டைத் தலையுடன் இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் காலையில் எங்கள் வீட்டுக்கும் வந்தான். குழந்தை அவனைப் பார்த்து வீரிட்டு அழுதது. அதற்கு அவன் யாரோ ஒரு அந்நிய ஆள். அவன் அதற்கும் சிரித்துக்கொண்டே இருந்தான். அத்தை குழந்தையை வாங்கிக்கொண்டு களத்துப் பக்கம் போனார். நான் காப்பி கொடுத்தேன். அவன் முகமும் கழுத்தும் கறுத்து, கைகளில் வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள் இருந்தன. என் கணவரின் கையும் இப்போது இப்படித்தான் இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் சொல்லத் தயங்கியதைச் சொல்ல விடாமல் நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அங்கே ராத்திரி குளிருமா, சோறு யார் ஆக்குகிறார்கள், அவர் இளைத்துவிட்டாரா, இன்னும் சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடிக்கிறாரா. அவனும் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான்.

“லீவு நாள்ல என்ன பண்ணுவாரு?”

“டவுனுக்குப் போயி உங்களுக்குப் போன் பண்ணுவாருங்கக்கா. திரும்பி வந்ததும் கட்டிலுக்கு அடியில இருந்து பொட்டிய இழுத்துத் தூசி தட்டுவாருங்க. தொறக்கவே மாட்டாருங்க. துணிய வெச்சு நல்லாத் தொடச்சு மறுபடியும் உள்ள தள்ளி வெச்சுருவாருங்க.”

“அப்பறம்?”

“அப்பறம் செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்குவாருங்க.”

அவன் டம்ளரில் காப்பி தீரப்போகிறது என்பதைப் பார்த்தேன். தீர்ந்தால் எழுந்துவிடுவான். கேட்காமலேயே இன்னொரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டு, எந்தப் பக்கத்துச் சுவர் என்று கேட்டேன்.